இரண்டாம் இயல்: ஏழு நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம் பல்கலைக்கழகங்களில் ஒப்படைக்கப்படும் பெரும்பாலான முனைவர் பட்ட ஆய்வேடுகளில் முதல் இயல் அறிமுகம்; இரண்டாம் இயல் முன்னாய்வுகளின் மீளாய்வு. இந்த இரண்டாம் இயலைச் சடங்காக நினைக்கும் பழக்கம் ஆய்வாளர்களிடம் மட்டுமல்ல, சில நெறியாளர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கும்போது பழைய ஆய்வேடு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள பெயர்களைக் கூட்டிக் குறைத்து, பக்கங்களை நிரப்பிவிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்பவர்கள் குறைவு. சீனியர் சொன்னார், டைப்பிங் சென்டரில் சொன்னார்கள் என்று வாய்வழியாக வந்த நம்பிக்கைகளைப் பின்பற்றுபவர்களே அதிகம். அவற்றுள் ஏழை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: யார், எந்த ஆண்டில், என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதினால் மீளாய்வு முடிந்தது.

உண்மை: அந்த வரிசை, மீளாய்வு எழுதுவதற்கான குறிப்பு மட்டுமே. பத்திக்கு ஒருவராக நாற்பது பேரை நிறுத்தினாலும் வாசகருக்கு எதுவும் விளங்காது. இவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள், முரண்படக் காரணம் ஆய்வு முறையா, தரவா, காலமா, இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காத கேள்வி எது என்று எடுத்துச் சொல்வதே மீளாய்வு. உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. குறைப்பிரசவம் ஆகும் நிலையிலுள்ள தாய்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும். நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி ஆகிய இருவரும் இதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து வேறு பல சோதனைகள் நடந்தன. தனியாகப் பார்த்தபோது சில சோதனைகளின் முடிவு ஐயத்துக்கு இடம் தந்தது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து எடைபோட்ட முறையான மீளாய்வு 1989 வரை வெளிவரவில்லை. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஊசியின் பலனை உணரவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. தேவையான சான்று அச்சில் இருந்தது. அதைத் தொகுத்துச் சொல்ல ஆளில்லை. இத்தகைய மீளாய்வுகளைச் செய்ய 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு, அந்தச் சோதனை முடிவுகளின் வரைபடத்தையே தன் இலச்சினையில் வைத்திருக்கிறது.

நம்பிக்கை 2: கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளைப் பார்த்தால் போதும்.

உண்மை: புதியவை கட்டாயம் வேண்டும். அவை மட்டும் போதும் என்பது ஆபத்து. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராக முன்வந்து ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் உள்ளிழுத்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு அந்த ஜூன் மாதம் இறந்துபோனார். ஆய்வுக்கு முன் பப்மெட் தரவுத்தளத்தில் தேடியிருந்தார்கள். ஆனால் அன்று அதில் 1966க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் தேட முடியும். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 1950களின் கட்டுரைகளில் இருந்தது. அடுத்த மாதமே, அரசு நிதியில் அங்கு நடந்த மனித ஆய்வுகளை அமெரிக்க அரசு சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது.

எங்கே தேடினோம், எந்தச் சொற்களால் தேடினோம், எந்த ஆண்டிலிருந்து தேடினோம் என்று மீளாய்வில் எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான். தேடாத இடம் எது என்பதும் அப்போதுதான் வாசகருக்குத் தெரியும்.

நம்பிக்கை 3: மூலநூல் கிடைக்காவிட்டால், அதை மேற்கோள் காட்டியவரை நம்பி நாமும் காட்டிவிடலாம்.

உண்மை: நம் ஆய்வேடுகளில் ஆழமாகப் பரவியிருக்கும் நோய் இது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதும்போது, முதலாமவரின் பிழை எல்லாருக்கும் சொந்தமாகிவிடுகிறது.

ஸ்பினாச் கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டார், இரும்பின் அளவு பத்து மடங்காகிவிட்டது என்பது அந்தக் கதை. 1981இல் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. அந்தச் செய்திக்கு அவர் ஆதாரம் எதையும் தரவில்லை. 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் அறிஞர் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, தசமப் புள்ளி இடம் மாறியதற்குச் சான்றே இல்லை என்று எழுதினார். நார்வே அறிஞர் ரெக்டால் 2014இல் 'சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயன்ஸ்' இதழில் இந்தக் கதை கட்டுரைக்குக் கட்டுரை தாவிய வழியை விளக்கினார். ஆதாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று அறிவுறுத்திய கட்டுரைகளே, இந்தக் கதையைச் சரிபார்க்காமல் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தன.

படிக்காமல் மேற்கோள் காட்டியதை எழுத்துப்பிழையும் காட்டிக்கொடுக்கும். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதை ஆராய்ந்தார்கள். புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களில் 196இல் தொகுதி எண், பக்க எண் போன்றவை பிழையாக இருந்தன. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45தான். மற்றவை எல்லாம் ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே பெயர்த்து எழுதியவை. மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்களின் மதிப்பீடு.

மூலம் கிடைக்கவே இல்லையா? இன்னாருடைய நூலில் காட்டப்பட்ட மேற்கோள் இது என்று நேர்மையாக எழுதுங்கள். அதற்கு முன் தேடிப் பாருங்கள். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களைத் திரையிலேயே படிக்கலாம்.

நம்பிக்கை 4: நூற்றுக்கணக்கானோர் மேற்கோள் காட்டிய கட்டுரை என்றால் அதை நம்பலாம்.

உண்மை: 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது போதைத் தன்மையுள்ள (ஓபியாய்டு) வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 பேரில், அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர் என்றது அது. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டினார்கள். 2017இல் அதே இதழில் ஒரு கணக்கு வெளியானது. அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. 439 இடங்களில் அது அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டிருந்தது. சுமார் 80 விழுக்காட்டினர், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்த ஓபியாய்டு நெருக்கடிக்கு இப்படிப்பட்ட மேற்கோள்களும் துணைபோயின.

எத்தனை பேர் காட்டினார்கள் என்ற எண், ஒரு கட்டுரை எவ்வளவு தூரம் பயணித்தது என்பதை மட்டுமே சொல்லும். எதை ஆராய்ந்தார்கள், யாரிடம், எவ்வளவு காலம் என்பதைக் கட்டுரைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். அது பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதுபவருக்கு இது தெரிய வழியில்லை.

நம்பிக்கை 5: சிமிலாரிட்டி பத்து விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் கருத்துத் திருட்டு இல்லை.

உண்மை: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தண்டனைப் படிகளை வகுத்திருக்கிறது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஏட்டை ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா.

இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் ஒப்பிடுவது சொற்கோவைகளை. ஒருவருடைய வாதத்தை எடுத்து, சொற்களை மட்டும் மாற்றி, பெயரைச் சொல்லாமல் விட்டால் அறிக்கையில் 3 விழுக்காடு என்று வரலாம், திருட்டு திருட்டுதான். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கித் தன்னுடையதாகச் சேர்ப்பதும் அப்படியே. தமிழில் எழுதும் நாம் இதில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும், ஏனெனில் மொழி தாண்டிய திருட்டு மென்பொருளிடம் எளிதில் சிக்குவதில்லை. சொற்கள் உங்களுடையவையாக இருந்தாலும் கருத்து யாருடையதோ அவருடைய பெயர் அந்த இடத்திலேயே வர வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போல எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு மேற்கோள் தேவையில்லை.

நம்பிக்கை 6: ஏஐ கருவி தரும் துணைநூற்பட்டியலை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், அப்படியொரு கட்டுரையே இருக்காது. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருபவை அல்ல. இணையத்தில் தேடித் தரும் கருவிகள் உண்மையான கட்டுரையையே காட்டினாலும், அதில் இல்லாத கருத்தை அதன் தலையில் ஏற்றிவிடுவது உண்டு. 2023இல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்கள் 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. தேடத் தொடங்குவதற்குக் கருவியின் உதவியைப் பெறலாம். ஒவ்வொரு கட்டுரையையும் நீங்களே திறந்து படித்த பிறகுதான் அது பட்டியலில் ஏற வேண்டும்.

நம்பிக்கை 7: தமிழ் இலக்கிய ஆய்வில் நூல் பெயரும் பாட்டு எண்ணும் போதும், பதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மை: திருக்குறளில் இன்று நாம் சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வைத்த வரிசையைத் தழுவியவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் மாறியிருக்கும். தொல்காப்பியத்தில் உரையாசிரியர்கள் நூற்பாக்களைப் பிரித்த முறை வேறுபடுவதால், இளம்பூரணர் உரையில் உள்ள எண் நச்சினார்க்கினியர் உரையில் அதே நூற்பாவைக் காட்டும் என்று உறுதி சொல்ல முடியாது. சங்கப் பாடல்களில் பாடவேறுபாடு உண்டு. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டும்போது, அந்தச் சொல் எந்தப் பதிப்பில் அப்படி இருக்கிறது என்று சொல்லாவிட்டால் வாதத்துக்குக் காலே இல்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், எந்தெந்த ஏட்டுப் பிரதிகளைப் பார்த்தார், அவை யாரிடமிருந்து கிடைத்தன என்று தம் பதிப்புகளில் எழுதிவைத்தார். பின்னால் வருபவர் தம்மைச் சரிபார்க்க வழிவிட்ட பெருந்தன்மை அது.

இந்த ஏழுக்கும் பொதுவான விடை ஒன்றுதான். மேற்கோள் குறி ஒவ்வொன்றும், 'இதை நான் படித்தேன். இதில் இப்படித்தான் இருக்கிறது' என்று வாசகருக்கு நாம் தரும் வாக்குறுதி. ஏபிஏ, எம்எல்ஏ என்று எந்த மேற்கோள் நடையில் எழுதினாலும் காற்புள்ளியும் சாய்வெழுத்தும் அதற்குப் பிறகுதான். ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். படிப்பை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பதிவு செய்த முதல் மாதத்திலிருந்தே, படித்த ஒவ்வொன்றுக்கும் முழு விவரம், பக்க எண், அது என்ன சொல்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று நாலு வரி எழுதிவைத்தால், இரண்டாம் இயலுக்காகக் கடைசி வாரத்தில் தேடி ஓட வேண்டியிருக்காது.

நெறியாளர்களிடமும் புறத்தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வைவாவின்போது துணைநூற்பட்டியலிலிருந்து ஏதேனும் மூன்று நூல்களைச் சுட்டி, 'இதில் என்ன இருக்கிறது, உங்கள் வாதத்துக்கு இது எப்படி உதவியது?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வி நிச்சயம் வரும் என்று தெரிந்தால் ஆய்வாளர்கள் முதல் ஆண்டிலேயே நூலகத்துக்குப் போய்விடுவார்கள்.