குறி பெரிதா? பொறுமை பெரிதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

விளையாட்டு என்றவுடன் நம் ஆசிரியப் பெருமக்களின் நினைவுக்கு வருபவை கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டுமாகவே இருக்கும். இன்று விடுதி அறைகளில் இரவு பத்து மணிக்கு மேல் நடைபெறும் விளையாட்டோ வேறு. இணையத்தின் வழியே முகமறியாத எதிரிகளுடன் துப்பாக்கி ஏந்திப் போரிடும் விளையாட்டு அது. தோற்ற பின்பு எழும் வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றுதான். பாய்ந்து சென்று மாண்டவன், மறைவில் காத்திருந்து சுட்டவனைக் 'கேம்பர்' என்று ஏசுவான். காத்திருந்தவனோ, 'உனக்குப் பொறுமை போதாது' என்பான். குறி பார்க்கும் திறன் பெரிதா, பொறுமை பெரிதா என்னும் இவ்வழக்கை நாம் படிக்கும் பாடத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாகக் கவுண்டர் ஸ்டிரைக் என்னும் விளையாட்டைக் கொள்வோம். 1999-இல் தோன்றி, 2023-இல் 'கவுண்டர் ஸ்டிரைக் 2' என்னும் பதிப்புக் கண்ட விளையாட்டு இது. அணிக்கு ஐவர். ஓர் அணி குறிப்பிட்ட இடத்தில் குண்டு வைக்க வேண்டும். மற்றோர் அணி அதனைத் தடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 வினாடி. மாண்டவன் அச்சுற்று முடியும்வரை மீண்டும் வர இயலாது. இவ்வளவு தெரிந்தால் போதும்; இவ்விளையாட்டை ஆடாத பேராசிரியர்களும் மேற்கொண்டு படிக்கலாம்.

முதலில் குறிபார்ப்பவனின் பெருமையை எடுத்துக்கொள்வோம். 'அவன் கண்ணில் பட்ட கணமே சுட்டுவிடுவான்' என்று சிலரைப் புகழ்கிறோம். அந்தக் 'கணம்' எவ்வளவு? அறிய ஓர் அடிக்கோல் போதும். நண்பர் அதனைச் செங்குத்தாகப் பிடித்திருக்க, சுழியக் குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கொண்டு கணக்கிட, உங்கள் எதிர்வினை நேரம் ஏறக்குறைய 0.20 வினாடி. 30 செ.மீ. எனில் 0.25 வினாடி. எங்கள் வகுப்பில் செய்து பார்த்தபோது பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் அடங்கிவிட்டனர். விடுதியில் சுடுவதில் மன்னன் என்று பெயரெடுத்த நண்பரும் அதற்குள்தான் இருந்தார்! ஆகவே, வேறுபாடு கண்ணில் படும் கணத்தில் மட்டும் இல்லை. அதன் பின்பு கை செய்யும் வேலையிலும், அதற்கு முன்பு நடந்த வேலையிலும் இருக்கிறது.

கையின் வேலையை அளந்து காட்டியவர் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர். 1954-இல் அவர் வெளியிட்ட விதி இது: இலக்கு இருக்கும் தொலைவை இரட்டித்து, இலக்கின் அகலத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை காண வேண்டும். கை அவ்விலக்கை அடைய ஆகும் நேரம் அம்மடக்கைக்கு ஏற்பக் கூடும். எதிரியின் தலை, திரையில் நம் கிராஸ்ஹேர் இருக்கும் இடத்திலிருந்து அத்தலையின் அகலத்தைப்போல் 16 மடங்கு தள்ளித் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்தால் 32, அதன் மடக்கை 5. இரண்டு மடங்கு தள்ளித் தோன்றினால் 4, மடக்கை 2. ஆக, மூன்று படிகள் மிச்சம். மடக்கையைப் பெருக்கும் கெழு அவரவர் கையைப் பொறுத்தது. பயிற்சி அதனைக் குறைக்கும். தொலைவைக் குறைப்பதோ பயிற்சி மட்டுமன்று. எதிரி எந்த மூலையிலிருந்து வருவான், அவன் தலை எந்த உயரத்தில் தோன்றும் என்று முன்கூட்டியே எண்ணி, அங்கே கிராஸ்ஹேரை வைத்து, கையை ஆட்டாமல் இருப்பதாகும். இதற்குப் பொறுமை என்பதல்லாமல் வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட விரும்புகிறேன். ஏனெனில் இது நம்மில் பலருடைய வீட்டுப் பணத்தைப் பற்றியது. கணிப்பொறி எலியைக் கொண்டு செய்த அளவீடுகளில் மேற்கூறிய ஒரு படிக்குப் பத்தில் ஒரு வினாடி அளவு வருவதுண்டு. மூன்று படிகளுக்கு 300 மில்லி வினாடி. சாதாரணத் திரை வினாடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது. படத்துக்குப் படம் இடைவெளி 16.7 மில்லி வினாடி. 144 படங்களைக் காட்டும் விலையுயர்ந்த திரையில் அவ்விடைவெளி 6.9 மில்லி வினாடி. மிச்சம் 10 மில்லி வினாடிக்குள். நல்ல திரையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அசைவு தெளிவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் 10-க்காகக் கடன் வாங்கச் சொல்லி வீட்டில் உண்ணாமல் கிடக்கும் நண்பர்கள், 300-ஐத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு வீணாக்குவதைப் பார்க்கிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கடையில் ஆடுகிறவனுக்கு இந்தக் கணக்கு சற்று விரைவாகவே புரிந்துவிடுகிறது.

பொறுமையின் இரண்டாவது பயன் தேர்வுகளைக் குறைப்பது. 1952-இல் இங்கிலாந்தின் ஹிக்கும், 1953-இல் அமெரிக்காவின் ஹைமனும் கண்டது இது: எத்தனை வகை நிகழ்ச்சிகளுள் ஒன்று நடக்கலாம் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அந்த எண்ணிக்கையின் மடக்கைக்கு ஏற்ப எதிர்வினை நேரம் நீள்கிறது. திறந்த வெளியில் ஓடுகிறவனுக்கு இடமும் வலமும் மேல்மாடமும் என எட்டுத் திக்கிலும் ஐயம். சுவரோரம் நின்றவனுக்கு ஒரே வாசல். மேலும், இவ்விளையாட்டில் ஓடினால் காலடியோசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடந்தால் கேட்காது. நின்று செவிமடுப்பவன் எதிரி எத்தனை பேர், எப்பக்கம் என்று சுடுவதற்கு முன்பே அறிகிறான். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டுகள் சிதறும் என்பதும் விதி. பாய்ந்து வருகிறவனும் சுடும் நேரத்தில் நின்றாக வேண்டும்!

இதுவரை படித்தவர்கள், நான் கேம்பர்களின் வழக்கறிஞர் என்று எண்ணக்கூடும். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே மூலையைப் பார்த்தவாறு சிலைபோல் நிற்பவன் ஓர் இயற்பியல் விதியிடம் அகப்படுகிறான். அசையாமல் நிற்பவன் எங்கே இருக்கிறான் என்பது வருகிறவனின் கணிப்பொறிக்கு முன்பே வந்துவிட்ட செய்தி. ஆகவே மூலையைத் தாண்டியதும் அவனைக் கண்டுவிடுகிறான். ஆனால் 'இவன் மூலையைத் தாண்டினான்' என்ற செய்தி சர்வருக்குச் சென்று, அங்கிருந்து நிற்பவனுக்கு வர வேண்டும். இருவருக்கும் பிங் 60 மில்லி வினாடி எனில், போக 30, வர 30. சர்வர் நிலவரத்தை வினாடிக்கு 64 முறைதான் புதுப்பிக்கிறது. அதில் 16 வரை போகலாம். ஆக, ஏறக்குறைய 75 மில்லி வினாடி பின்னரே நிற்பவன் எதிரியைக் காண்கிறான். கால் வினாடி எதிர்வினையில் இது மூன்றில் ஒரு பங்கு. 'நான் பார்க்கவே இல்லை, அதற்குள் செத்துவிட்டேன்' என்று விடுதியில் கேட்கும் கூக்குரல் முழுப் பொய்யன்று. இதனால்தான் தேர்ந்தவர்கள் ஒருமுறை சுட்டதும் இடம் மாறுகிறார்கள். மூலையை ஒட்டி நிற்காமல் விலகியும் நிற்கிறார்கள். மூலைக்கு நெருங்கியிருப்பவனின் தோள்தான் முதலில் வெளிப்படும் என்பதை வடிவொத்த முக்கோணங்கள் வரைந்து பார்த்தால் காணலாம்.

உலகப் போட்டிகளிலும் குறியின் புகழே ஓங்கி நிற்கிறது. 2016-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த மேஜர் போட்டியில், பிரேசில் வீரர் கோல்ட்சேரா குதித்தபடியே ஸ்னைப்பர் துப்பாக்கியால் எதிரிகளை வீழ்த்திய காட்சி ரசிகர்களை வியக்கவைத்தது. அதனை நினைவுகூர, மிராஜ் என்னும் களத்தின் சுவரில் ஓர் ஓவியமே தீட்டப்பட்டது. ஆனால் 2017-இலும், பின்னர் 2018, 2019 ஆண்டுகளில் தொடர்ந்து மும்முறையும் மேஜர் பட்டம் வென்ற டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணியைப் பாருங்கள். தனியொருவராகப் பலரை எதிர்த்து மிஞ்சும் வேளைகளில் சுற்றை வென்று தருவதற்கே அவ்வணியின் ஆண்ட்ரியாஸ் ஹோய்ஸ்லெத் பெயர் பெற்றவர். அத்தகைய வேளையில் பாய்ந்து சுடுவது ஒருவரை வீழ்த்தலாம். எஞ்சியவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொறுமை யாருக்கு உரியது என்பதையும் கடிகாரமே முடிவு செய்கிறது. குண்டு வைக்கப்படும்வரை தடுக்கும் அணி காத்திருக்கலாம். நேரம் தீர்ந்தால் வெற்றி அவர்களுக்கே. குண்டு வைத்ததும் நிலைமை தலைகீழ். அது வெடிக்க 40 வினாடி. செயலிழக்கச் செய்ய, கருவி இருந்தால் 5 வினாடி, இல்லையெனில் 10. எனவே 35 அல்லது 30 வினாடிக்குள் வந்து சேர வேண்டும். இப்போது காத்திருப்பது எதிரியின் உரிமை. நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த மாற்றத்தை உணராமையால்தான். முதல் நிமிடத்தில் அவசரப்பட்டவன், கடைசி அரை நிமிடத்தில் மூலையில் ஒளிந்துகொள்கிறான்!

எனினும், ஒளிந்துகொள்வதே சரியான வேளையும் ஒன்றுண்டு. இவ்விளையாட்டில் துப்பாக்கியை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஏகே-47 துப்பாக்கி 2,700 டாலர்; கோல்ட்சேரா ஏந்திய ஏடபிள்யூபி 4,750 டாலர். உயிருடன் சுற்றை முடித்தால் துப்பாக்கி அடுத்த சுற்றுக்கும் நம்முடையது. மூவரை எதிர்த்து ஒருவனாக, நேரமும் இன்றி நிற்பவன், அச்சுற்றை விட்டுக்கொடுத்துத் துப்பாக்கியைக் காப்பாற்றுவான். பக்கத்து நாற்காலிக்காரர், 'போய்ச் சுடுடா, பயந்தாங்கொள்ளி!' என்று கத்துவார். ஆனால் அடுத்த சுற்றில் பணமின்றிக் கைத்துப்பாக்கியோடு நிற்கப்போகும் நான்கு தோழர்களுக்கு நடுவே, நெடுந்தொலைவில் வருகிறவனையும் ஒரே குண்டில் வீழ்த்தும் அந்த ஏடபிள்யூபி இருக்கும்; எதிரணி அந்த நீண்ட பாதையில் தலைகாட்டுவதற்கு முன் இருமுறை யோசிக்கும்.