பூனை பெண்ணுமன்று, நாய் ஆணுமன்று

கல்யாணப் பந்தியிலும், எங்கள் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் மாலைக் காற்று வாங்க உட்கார்ந்திருப்பவர்களின் வாயிலும், பட்டிமன்ற மேடையிலும், கைபேசியில் வந்து விழும் துணுக்குகளிலும் நான் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வசனம் ஒன்று உண்டு: பெண் பூனையாம், ஆண் நாயாம். கூப்பிட்டால் வராமல், தனக்கு வேண்டியபோது மட்டும் மடியில் வந்து ஏறுவது பூனை. எத்தனை முறை விரட்டினாலும் வாலைக் குழைத்துக்கொண்டு வாசலிலேயே கிடப்பது நாய். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பொறுத்திருந்தேன். ஆனால் சென்ற மாதம், நன்கு படித்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், அந்தத் துணுக்கைச் சொல்லி முடித்துவிட்டு, "இதையெல்லாம் நம் முன்னோர் தொல்காப்பியத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள், ஐயா" என்று முத்தாய்ப்பும் வைத்தபோது, ஆயுள் முழுவதும் இலக்கணம் சொல்லிக்கொடுத்தே ஜீவனம் செய்த எனக்கு மௌனம் சாத்தியமாகவில்லை.

தொல்காப்பியத்தில் அப்படி இல்லை, இல்லவே இல்லை. விலங்குகளின் இளமைக்கு இன்ன பெயர், ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று வகுத்துரைக்கும் மரபியலில், நாயின் பெண்ணுக்குப் 'பாட்டி' என்ற பெயரும், அதன் இளமைக்குக் 'குருளை' என்ற பெயரும் சொல்லப்பட்டிருக்கின்றன. காட்டுப்பூனையாகிய வெருகைப் பூசை என்று வழங்குவதும் விலக்கத்தக்கதன்று என்று உரைக்கப்பட்டிருக்கிறது. நாய் என்ற ஜாதியே ஆணுக்கு உரியதாயின் அதன் பெண்ணுக்குத் தனிப் பெயர் எதற்கு? நம் ஊர்ப் பாமரரும் 'கடுவன் பூனை' என்கிறார்களே, பூனையெல்லாம் பெண்ணாயின் அந்தக் கடுவன் எங்கிருந்து வந்தது? இந்தியில் 'பில்லி' பெண்பால், 'குத்தா' ஆண்பால். ஜெர்மானிய மொழியிலும் பூனைக்குரிய பொதுச்சொல் பெண்பால், நாய்க்குரியது ஆண்பால். அத்தகைய மொழிகளைப் பேசுவோர்க்கு இப்படியொரு கற்பனை தோன்றினால் அதற்குச் சொல்லிலாவது ஒரு காரணம் இருக்கிறது. நமக்கோ இரண்டும் அஃறிணை. பூனையும் வந்தது, நாயும் வந்தது. பொறாமையோடு பேசும் பெண்ணைப் பூனையின் பெயரால் இகழும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. அங்கிருந்து இறக்குமதியான சரக்குக்குத் தொல்காப்பிய முத்திரை குத்துவது எந்த நியாயம்?

இலக்கியத்தையாவது புரட்டிப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. இதே காவிரி நாட்டில், தேரழுந்தூரில் பிறந்த கம்பர், இராமாயணம் பாடத் துணிந்த தம்மை, பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனைக்கு அவையடக்கத்தில் ஒப்பிட்டுக்கொண்டார். பூனையாக நின்றவர் அங்கே ஓர் ஆண்மகன். மாணிக்கவாசகர் தம்மை நாயேன், நாயடியேன் என்று பலகாலும் சொல்லிக்கொண்டது இறைவன் முன் தம் தாழ்மையைச் சொல்வதற்கேயன்றி, ஆண்வர்க்கத்தின் ஸ்வபாவத்தை வருணிப்பதற்கன்று. எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலை ஆட்டும் நாயை நாலடியார் புகழ்வதும், தன்னை நெடுங்காலம் பேணிய பாகனையே கொல்லும் யானையோடு அதனை வைத்து, எவரோடு நட்புக்கொள்ள வேண்டும் என்று காட்டுவதற்குத்தான். ஆண், பெண் என்ற பேச்சே அங்கு இல்லை. சங்கப் புலவரோ, கற்புக்கு அடையாளமாக மகளிர் சூடும் முல்லையின் அரும்பைக் காட்டுப்பூனை சிரித்தாற்போல் இருக்கிறது என்று கண்டு மகிழ்ந்தார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தென்கலை வைஷ்ணவர்கள் சொல்லும் மார்ஜார நியாயத்தில், குட்டியின் பிரயத்தனம் எதுவுமின்றித் தானே அதைக் கவ்விக்கொண்டுபோய்க் காப்பாற்றும் தாய்ப்பூனை யார்? சாக்ஷாத் பகவானே. சுயநலத்துக்கு உருவகமாக இவர்கள் கண்டுபிடித்த பிராணி, நம் பெரியோர்க்கு நிர்ஹேதுக கிருபைக்கு உருவகமாக இருந்திருக்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பிரயாசை வேண்டியதில்லை. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பது, பூனைக்கும் தன் காரியம் உண்டு என்பதை மறந்த பேச்சு. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்ற பழமொழி பெண்ணைக் குறித்தது என்கிறார்கள். சாதுவாகத் தோன்றும் எவரைக் குறித்தும் வழங்குவது அது, வாலிபர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

ஆனால் சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் நிந்தையை, அதாவது பெண்ணுக்கு இடத்தின்மேல் ஆசை உண்டு, ஆளின்மேல் பற்று இல்லை என்பதை, திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு சொல்ல இவர்களுக்கு எப்படி நா எழுந்தது? சங்கீத மகான் தியாகப்பிரம்மம் இதே ஊரில் சித்தியடைந்தது 1847-ல். பெங்களூர் நாகரத்தினம்மாள் பிறந்தது 1878-ல். தாம் பிறப்பதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட, உறவோ முகமோ அறியாத ஒரு மகானிடம் கொண்ட பக்தியால், கவனிப்பாரற்றுக் கிடந்த அவருடைய சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி, கும்பாபிஷேகம் செய்வித்து, ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட அந்நாளில் பெண்களையே திரட்டித் தனியாக ஆராதனை நடத்திக்காட்டினார் அந்த அம்மையார். 1952-ல் அவர் காலமான பிறகும், கைகூப்பிய கோலத்தில் சிலையாக அமர்ந்து, அந்தச் சமாதியை நோக்கியபடியே இருக்கிறார். படித்துறையில் கூடி இந்தத் துணுக்குக்குச் சிரிப்பவர்கள் நடக்கும் தூரத்தில்தான் அது இருக்கிறது.

இத்தனைக்கும் மூலகாரணம் மரபியலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் ஓட்டிவிட்டதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். யானைக்கும் குட்டி, புலிக்கும் குட்டி, நாய்க்கும் குட்டி என்று ஒரே சொல்லால் உலகத்தையே மெழுகிவிடுகிறார்கள் பிள்ளைகள். யானைக்கன்று என்றும், புலிக்குருளை என்றும் சொல்லித்தர ஆள் இல்லை. பிராணிகளுக்கு உரிய பெயரே தெரியாத தலைமுறையிடம் அவற்றின் குணத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் விலை போகும். எங்கள் தெரு வாய்க்கால் மதகின் அருகே சென்ற வாரம் நாய் ஒன்று ஈன்றிருக்கிறது. தெருப் பிள்ளைகள் நால்வரை அழைத்துப்போய், 'பாட்டி ஐந்து குருளைகளை ஈன்றது' என்று சொல்லச் செய்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மறுநாள் அவர்களே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரும் ஞாயிறு காலை முதல் என் வீட்டுத் திண்ணையில் மரபியல் பாடம் தொடங்குகிறேன். பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் ஒரு சிலேட்டும் கொடுத்தனுப்பினால் போதும்.