எரிந்த பள்ளிவாசலும் பீங்கான் அங்காடியும்
(இப்னு பதூதாவின் குவாங்சோ வருகை குறித்து ஓர் ஆய்வு)

பயண நூல் ஒன்றைப் பாடமாக எடுக்குங்கால் மாணாக்கர் முதலில் எழுப்பும் வினா, "இவர் உண்மையிலேயே அங்குச் சென்றாரா?" என்பதே. இப்னு பதூதாவின் சீனப் பகுதியைக் கற்பித்தபோதெல்லாம் நாம் இதனை எதிர்கொண்டுள்ளோம். வரலாற்றாய்வாளர் சிலரும் இவ்வையத்தை எழுப்பியுள்ளமையால் மாணாக்கரைக் கடிவதற்கில்லை. தென்சீனத்துத் துறைமுகமாகிய குவாங்சோ (காண்டன்) நகரை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

அரபு வணிகர் இந்நகரைக் கான்ஃபூ என்று அழைத்தனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஸீராஃப், ஓமான் துறைகளிலிருந்து புறப்பட்ட மரக்கலங்கள் மலபாரின் கொல்லத்தைத் தொட்டு இங்கு வந்து சேர்ந்தன. அக்காலத்திலேயே இந்நகருக்கு ஒரு பேரழிவு நேர்ந்தது. ஹுவாங் சாவோ என்னும் கலகத் தலைவன் கி.பி. 879இல் நகரைக் கைப்பற்றிச் சூறையாடினான். இதனைக் கி.பி. 916ஆம் ஆண்டளவில் எழுதிவைத்த அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ, இஸ்லாமியர், யூதர், கிறித்தவர், பாரசீகச் சமயத்தார் என 1,20,000 பேர் கொல்லப்பட்டதாகக் கூறுகிறார். வரி தண்டுவதற்காகச் சீனர் ஆட்களைக் கணக்கெடுத்து வைத்திருந்ததால் இத்தொகை தெரியவந்தது என்பது அவர் தரும் விளக்கம். தொகை மிகையாகவும் இருக்கலாம். ஆனால், முசுக்கட்டை மரங்கள் வெட்டப்பட்டமையால் பட்டுப்பூச்சிக்கு இலையின்றிப் பட்டு வரத்தே நின்றது என அவர் எழுதுவது வணிகத்தின் வேரை அறிந்தவர் கூற்று. இத்தனைக்கும் அபூ ஸைத் சீனத்திற்குச் சென்றவரல்லர். சென்று வந்தோர் வாய்க்கேட்டு எழுதியவர். சென்று பாராதவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை மாணாக்கர் இவ்விடத்திலேயே குறித்துக்கொள்வது நலம்.

நகரம் மீண்டெழுந்தது. சொங் அரசமரபு கி.பி. 971இல் இங்குக் கடல்வணிக அலுவலகம் ஒன்றை நிறுவிற்று. பின்னர் மங்கோலியர் படையெடுப்பில், கி.பி. 1276க்குப் பின் சில ஆண்டுகளுக்குள், நகரம் பலமுறை கைமாறித் துன்புற்றது. அத்துன்பம் நீங்கி இரண்டு தலைமுறை கழிந்த நிலையில், கி.பி. 1346ஆம் ஆண்டளவில், இப்னு பதூதா இங்கு வந்ததாகத் தம் நூலில் கூறுகிறார்.

அவர் வந்த வழி நம் மண்ணையும் தொட்ட வழி. தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்ட அவர், கோழிக்கோட்டில் பரிசுப் பொருள்களையும் கலங்களையும் புயலில் இழந்தார். பின்னர் மாலத்தீவு, இலங்கை வழியாக மதுரைச் சுல்தானகத்தை அடைந்தார். அதன் சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறையினர். அங்கிருந்து கொல்லம் சென்று, மேலைக் கரையில் கடற்கொள்ளையரிடம் உடைமை யாவும் பறிகொடுத்தார். இந்நிலையிலும் சீனத்தை அடைந்தே தீர வேண்டும் என்று மீண்டும் கலமேறியவரின் உறுதி வியப்புக்குரியது.

குவாங்சோவை அவர் ஸீன் கலான் என்கிறார். அங்காடிகளின் சிறப்பை வியந்து, அவற்றுள் பெரியது பீங்கான் அங்காடி என்றும், இங்கிருந்து இந்தியாவுக்கும் யமனுக்கும் பீங்கான் செல்கிறது என்றும் குறிக்கிறார். இஸ்லாமியர் வாழும் பகுதியில் ஜும்ஆப் பள்ளிவாசல், தைக்கா, கடைவீதி, காழி, ஷைகு ஆகிய அனைத்தும் இருந்தனவாம். ஒன்பது வாயில்களுடைய பெருங்கோயில் ஒன்றைப் பற்றி அவர் கூறுவது நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. பார்வையற்றோரும் உடற்குறையுடையோரும் அங்குத் தங்கினர். கோயில் அறக்கொடையிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கிடைத்தன. நோயாளர்க்கு மருத்துவர் இருந்தனர், சமையற்கூடம் இருந்தது. உழைக்க இயலாத முதியோர், அநாதைகள், கைம்பெண்கள் ஆகியோரையும் அக்கோயிலே பேணிற்று.

சீன நாடு தமக்கு மனநிறைவு தரவில்லை என்றும், பிற சமய வழக்கங்களைக் காண நேர்வதால் வீட்டைவிட்டு வெளிவரவே மனம் ஒப்பவில்லை என்றும் வெளிப்படையாகக் கூறியவர் இவர். அத்தகையவர் பிற சமயக் கோயிலின் அறத்தை ஓர் ஏளனச் சொல்லுமின்றிப் பதிவு செய்கிறார். தம் நாட்டு வக்ஃபுகளை அறிந்த கண் அதன் நிகரை அயல் மண்ணிலும் இனங்கண்டது எனலாம். பழகியதையே எங்கும் காணும் கண் என்று ஐயுறுவோர் கூறின், அதனையும் மறுப்பதற்கில்லை.

இனி ஐயத்திற்கு வருவோம். ஸைத்தூனிலிருந்து (குவான்சோ) ஆற்று வழியே 27 நாளில் இந்நகரை அடைந்ததாக அவர் கூறுகிறார். அவ்விரு நகரையும் இணைக்கும் ஒரே ஆறு கிடையாது. இதனினும் கடியது மற்றொன்று. குவாங்சோவின் ஹுவாய்ஷெங் பள்ளிவாசலில் கி.பி. 1350இல் நாட்டப்பட்ட, சீனமும் அரபியும் கொண்ட கல்வெட்டு ஒன்றுளது. கி.பி. 1343இல் பள்ளிவாசல் தீக்கிரையாயிற்று என்றும், பின்னர் மீளக் கட்டப்பட்டது என்றும் அது அறிவிக்கிறது. அவ்வாறாயின், நம் பயணி வந்த காலம் தீக்கும் திருப்பணிக்கும் இடைப்பட்டதாகும். அவரோ தீயைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

இம்மௌனம் ஒன்றைக் கொண்டே அவர் அங்குச் செல்லவில்லை எனத் தீர்ப்புரைக்க நாம் உடன்படோம். கி.பி. 1355இல் முற்றுப்பெற்ற அந்நூல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸை என்பவரிடம் நினைவிலிருந்து சொல்லி எழுதுவிக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ பத்தாண்டும் பல நாடுகளும் கடந்திருந்தன. ஆற்றுவழிக் கணக்கு பிழையே; அதற்கு வாதாட மாட்டோம். ஆயின் தொழுகைக்கு ஆள் இருந்தவரை ஊரார் பள்ளிவாசல் இருக்கிறது என்றே சொல்லியிருப்பர்; சுவர் கரிந்து நின்றாலும் ஜமாஅத் கலைந்துவிடவில்லை. எரிந்த பள்ளியை ஏழாண்டுக்குள் மீளக் கட்டும் வலிமையுடைய வணிகச் சமுதாயம் அங்கு இருந்தது என்பதைக் கல்வெட்டு காட்டுகிறது. காழியும் கடைவீதியும் உடைய செழிப்பான சமுதாயத்தையே பயணியும் காட்டுகிறார். இவ்விரண்டும் முரணவில்லை.

அப்பள்ளிவாசலின் மனாரா ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுடையது. இரவில் அதன் உச்சியில் ஏற்றிய விளக்கு கலங்களுக்கு வழிகாட்டியது என்பர். கரை தெற்கே நகர்ந்துவிட, ஒருகாலத்தில் ஆற்றோரம் நின்ற அது இன்று நகரத்தெருக்களின் நடுவே நிற்கிறது.