முகவரி இல்லாத நினைவகம்

மாணவர்களே, அஞ்சலட்டையில் அஞ்சல் குறியீட்டெண் எழுதுவதற்கென ஆறு கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு கட்டங்களில் 000000 முதல் 999999 வரை எழுதலாம். அதாவது பத்து இலட்சம் எண்கள். பத்து இலட்சத்து ஒன்றாவது ஊருக்கும் ஓர் எண் தர வேண்டுமாயின் ஏழாவது கட்டம் தேவை. அட்டையில் அதற்கு இடமில்லை. அந்த ஊர் இருக்கும், மக்களும் இருப்பர், கடிதம் மட்டும் போய்ச் சேராது. தொடக்கக் காலத் தனிக்கணினிகள் ஏறத்தாழ இதே இடரில் சிக்கின.

கணினி வேலை செய்யும்போது எண்களையும் எழுத்துகளையும் வைத்துக்கொள்ளும் இடமே நினைவகம் (நினைவு + அகம்). மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை மறையும். நிலையாக இருக்க வேண்டியவற்றை வட்டில் பதிந்து வைப்பர். நினைவகத்தின் ஒவ்வொரு சிறு அறைக்கும் பைட்டு என்று பெயர். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. எண்ணைச் சொன்னால்தான் செயலி அவ்வறையைத் திறக்கும்.

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிக்கணினியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் செயலி இன்டெல் 8088. செயலி முகவரி சொல்லும் கம்பிகள் இருபது. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1 என இரண்டில் ஒன்றையே சொல்லும். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. வாய்விட்டுப் படியுங்கள்: பத்து இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு. (‘ஐநூறு’ என்று எழுதுவோர் பலர், ‘ஐந்நூறு’ என்பதே சரி.) அஞ்சலட்டையின் ஆறு கட்டங்கள் தரும் எண்ணிக்கைக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள்!

1,024 பைட்டுகள் ஒரு கிலோபைட்டு. எனவே அக்கணினியின் எல்லை 1,024 கிலோபைட்டு. அதில் 384 கிலோபைட்டு முகவரிகளைத் திரைக்கும் பிற உறுப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டனர். மீதி 640 கிலோபைட்டு நிரல்களுக்கு. மிகக் குறைந்த விலையில் வந்த கணினியில் இருந்ததோ வெறும் 16 கிலோபைட்டு. அதைப்போல் நாற்பது மடங்கு இடம் இருக்கும்போது யார் கவலைப்படுவார்?

கவலை விரைவிலேயே வந்தது. லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் 1983-இல் வெளிவந்தது. வரவு செலவுக் கணக்குகளை நிரல் நிரையாக எழுதி, ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறும்படி செய்வது விரிதாள். அத்தாள் முழுவதையும் லோட்டஸ் நினைவகத்திலேயே வைத்திருந்தது. கணக்கு வளர வளரத் தாளும் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் நினைவகம் நிறைந்துவிட்டதென்று அறிவிப்பு வந்தது. பணம் இருந்தால் மேலும் நினைவகச் சில்லுகளை வாங்கலாம். ஆனால் அவற்றுக்குக் கொடுக்க முகவரி இல்லையே! பழைய கணினியையும், அதற்கென எழுதிய நிரல்களையும், பழகிய வேலையையும் எறிந்துவிடவும் முடியாது.

லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1985-இல் ஒரு வழி கண்டன. நம்மில் சிலர் இருவேளைப் பள்ளியில் படிக்கிறோம். கதவில் ‘ஏழாம் வகுப்பு’ என்ற பலகை மாறுவதில்லை; காலையில் ஒரு குழுவினர் உள்ளே இருப்பர், பிற்பகலில் வேறொரு குழுவினர் இருப்பர். அதுபோலவே இதுவும். ஒதுக்கப்பட்டிருந்த 384 கிலோபைட்டில் பயன்படாது கிடந்த 64 கிலோபைட்டு முகவரிகளை எடுத்து, 16 கிலோபைட்டு கொண்ட நான்கு ‘வகுப்பறை’களாகப் பிரித்தனர். தனி அட்டைகளில் மொத்தம் 8 மெகாபைட்டு வரை நினைவகம் வைக்கலாம். அதாவது 16 கிலோபைட்டுப் பக்கங்கள் 512. நிரல் கேட்கும் பக்கம் நான்கு அறைகளுள் ஒன்றில் வந்து அமரும். வேறு பக்கம் வேண்டுமாயின் இது வெளியேறும், அது உள்ளே வரும். செயலியில் ஒரு கம்பியும் கூடவில்லை. இத்துறையில் இதைவிட எளிய, அழகிய ஏற்பாடு வேறில்லை என்பது என் எண்ணம். குறை ஒன்றுண்டு: பக்கத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்த நிரல்களே பயனடைந்தன. தெரியாத பழைய நிரல்களுக்கு அந்த அட்டை இருந்தும் இல்லாததே.

கம்பிகளைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். அதுவும் நடந்தது. இன்டெல் 80286 செயலிக்கு 24 கம்பிகள். 16 மெகாபைட்டு வரை முகவரி சொல்லும். ஐ.பி.எம். இதை 1984-இல் தன் ஏ.டி. கணினியில் பொருத்தியது. ஆயினும் பழைய நிரல்களை ஓட்டும்போது இச்செயலி பழைய 8088 போலவே நடக்க வேண்டியிருந்தது. முழு ஆற்றலும் வேண்டுமெனில் வேறொரு நிலைக்கு மாற வேண்டும். மாறுவது எளிது. திரும்புவதற்கோ கட்டளையே இல்லை. செயலியை மீண்டும் தொடங்கச் செய்வதே வழி. அப்பணியை விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம் ஒப்படைத்தனர்!

ஆகவே பலர் மேல் நினைவகத்தைப் போலி வட்டாக மாற்றிக்கொண்டனர். கணினி அதை ஒரு வட்டு என்றே நம்பும்; கோப்புகளை அதில் வைக்கலாம். சுழலும் உறுப்பு இல்லாததால் உண்மை வட்டைவிட மிக விரைவாகப் படிக்கும். மின்வெட்டு வந்தாலோ எல்லாம் போயிற்று. வேலை முடிந்ததும் கோப்புகளை உண்மை வட்டில் படியெடுக்க மறந்தவர் அன்றைய உழைப்பை இழந்தார்.

இனி ஒரு வேடிக்கை. 999999-உடன் 1 கூட்டினால் 1000000. கட்டங்கள் ஆறே எனில் முன்னுள்ள 1 உதிர்ந்து 000000 எஞ்சும். 8088 செயலி இரண்டு எண்களைக் கூட்டியே முகவரியைக் கணக்கிடும்; கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் இவ்வாறே தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். சில பழைய நிரல்கள் இதை நம்பியே எழுதப்பட்டிருந்தன. ஏ.டி. கணினியில் இருபத்தோராவது கம்பி இருப்பதால் அந்த 1 உதிராது, நிரல்கள் தடுமாறும். எனவே அக்கம்பிக்கு ஒரு கதவு வைத்தனர். கதவைத் திறந்து மூடும் வேலையும் அதே விசைப்பலகைச் சில்லுக்கே வந்தது. கதவு திறந்திருக்கும்போது, பழைய நடையில் இயங்கும் செயலியும் எல்லைக்கு அப்பால் 65,520 பைட்டுகளை எட்ட முடியும். 1991-இல் வந்த டாஸ் 5 இயங்குதளம் தன்னுள் பெரும்பகுதியை அங்கே குடியேற்றி, 640 கிலோபைட்டுக்குள் நிரல்களுக்கு இடம் விட்டது.

1985-இல் வந்த 80386 செயலி முகவரிகளைத் தானே மாற்றி அமைக்கவல்லது. அதனால் தனி அட்டை இல்லாமலே, மேல் நினைவகத்தின் பக்கங்களை அந்த நான்கு வகுப்பறைகளில் அமர்த்த முடிந்தது. பழைய நிரல்கள் வேறுபாட்டை உணரவேயில்லை.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நினைவகம், வகுப்பறை, அஞ்சலட்டை.
2. இருபத்துநான்கு கம்பிகள் தரும் முகவரிகள் 1,67,77,216. இவ்வெண்ணை எழுத்தால் எழுதுக.
3. ‘இருந்தும் இல்லாதது’ என்னும் தொடரை அமைத்துச் சொந்த வாக்கியம் ஒன்று எழுதுக.
4. நினைவக அட்டையை வாங்கிய பின்னும் சில நிரல்களுக்கு அது பயன்படாமைக்குக் காரணம் யாது?
5. உங்கள் குடும்பம் வேறு ஊருக்கு மாறியபோது, பழைய முகவரிக்கு வந்த கடிதங்கள் உங்களை எவ்வாறு அடைந்தன? வீட்டில் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.