பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகுமா?

"ஊரை விட்டு வந்து கனகாலம். எங்கள் காணியில் இப்போது வேறு ஆட்கள். பத்து வருடம் கடந்தால் அது அவர்களுக்கே சொந்தம் என்கிறார்கள். உண்மையா?" இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல கேட்கும் கேள்வி இது. பதில் சட்டப் புத்தகத்தில் பாதி, நீதிமன்றத் தீர்ப்புகளில் பாதி.

சட்டம் சொல்வது

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒருவர் பிறருடைய காணியை 10 வருடம் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டுவந்தால் அதற்கு உரித்துக் கோரலாம். குத்தகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்து மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொண்டவர் அவ்வாறு கோர முடியாது. அரச காணிக்கு இந்த வழியில் உரித்துப் பெற முடியாது.

அப்படியானால் 'எதிரான ஆட்சி' எது? இதைத் தெளிவாக்கியவை தீர்ப்புகளே. மேல்மன்றம் கொடுத்த விளக்கத்தைக் கீழ்மன்றங்கள் பின்பற்றுவது நம் நாட்டு நீதிமுறை. ஆகவே பழைய தீர்ப்புகள் இன்றும் பேசுகின்றன.

மூன்று தீர்ப்புகள்

1. பராமரிப்பவர்: அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீடு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்கே சென்றது. ஒருவரின் சார்பில் காணியைப் பொறுப்பேற்றவர், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றிக்கொண்டதை நிரூபிக்காமல் உரித்துக் கோர முடியாது என அது 1903இல் தீர்ப்பளித்தது.

2. கூட்டுச் சொந்தக்காரர்: சகோதரர் ஒருவர் காணியில் தனித்திருந்தாலும், அவரது ஆட்சி மற்றப் பங்காளிகளுக்கும் உரிய ஆட்சியே. மனதுக்குள் வைத்த இரகசிய எண்ணத்தால் அது மாறாது. மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளியேற்றியதற்குச் சமமான செயல் வேண்டும். இது பிரிவிக் கவுன்சிலின் 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

3. நீண்டகால மௌனம்: ஒரு பங்காளி மிக நீண்டகாலம் தனியே அனுபவித்திருந்தால், சூழ்நிலைகளைப் பார்த்து, அத்தகைய மறுப்பு எப்போதோ நிகழ்ந்துவிட்டதென நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 1918இல் கூறியது.

முதல் இரண்டும் நமக்குப் பாதுகாப்பு. மூன்றாவது எச்சரிக்கை.

யுத்தம் கொண்டுவந்த மாற்றம்

பராயமடையாதோர், மனநலம் குன்றியோர், கடல் கடந்திருப்போர் ஆகியோருக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் சலுகை தந்தது. உள்நாட்டில் இடம்பெயர்வோரை அது நினைத்துப் பார்க்கவில்லை. இந்தக் குறையைப் பாராளுமன்றமே நீக்க வேண்டியிருந்தது. ஆயுதக் குழுவின் செயல்களால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் உரிமைக்காக வழக்கிட முடியாதிருந்தவர்களுக்கு, அக்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆனால் வழக்கிட அது தந்த அவகாசம் குறுகியது. அதன் இன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

• காணியைப் பார்த்துக்கொள்பவரிடம், யாருக்காகப் பார்க்கிறார் என்பதை எழுத்தில் பெறுங்கள்.
• அவர் அனுப்பும் நெல், தேங்காய், பணம் எதற்கும் திகதியுடன் குறிப்பு வையுங்கள். கடிதங்களை எறியாதீர்கள்.
• உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.
• வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.
• அனுமதிப்பத்திரக் காணிக்கு வேறு சட்டம் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கலந்துரையாட

1. எமது காணியில் இருப்பவர் யார்: பராமரிப்பவரா, பங்காளியா, அனுமதியின்றி வந்தவரா?
2. அதைக் காட்ட எம்மிடம் என்ன சான்று உண்டு?
3. சான்று இல்லாத குடும்பத்துக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஊரவர் யார் இருக்கிறார்கள்?