கூவத்தில் உயிர் இருக்கிறதா?

கேள்வி: கூவம் செத்துவிட்டது என்கிறார்களே, அந்த நீரில் இனி எந்த உயிரும் இல்லையா? – வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: நுண்ணுயிர்கள் ஏராளமாக இருக்கின்றன, வகைதான் மாறிவிட்டது. நல்ல ஓடையில் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள், வழவழவென்றிருக்கும். பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து படிந்த படலம் அது. நத்தையும் பூச்சிப்புழுக்களும் அதை மேயும். அவற்றை மீன் தின்னும்.

கூவத்திலோ, சென்னை நகருக்குள் கழிவுநீர் கலந்ததும், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் வகைகளுக்குத்தான் அங்கே இடம். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான், பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம். அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கன்னங்கரேலென்று ஆக்குகிறது. கடல்நீர் ஏறிவரும் முகத்துவாரத்தில் சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, கழிவோடு வரும் ஆன்டிபயாட்டிக் எச்சங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அவை வழிவிடுகின்றன.

கரையில் பூங்கா அமைப்பதால் ஆற்றின் நிலை மாறாது. 1957-ல் உயிரற்றது என்று சொல்லப்பட்ட லண்டன் தேம்ஸில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் உள்ளன. அங்கே முதலில் சீர்செய்யப்பட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு.