ஹெல்மா, கஸ்டமைஸா?

பெங்களூரில் பெலந்தூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஒரு நிறுவனத்தின் குபர்நெட்டீஸ் கிளஸ்டரைக் கவனிக்கும் பொறுப்புக்கு வருகிறவர் சீக்கிரமே கேட்பது இதுதான்: ஹெல்மா, கஸ்டமைஸா? கிளஸ்டரில் ஓட வேண்டியதை விவரிக்கும் யாமலை எழுதுவது யார் என்று பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் குழுவே எழுதும் சேவைக்குக் கஸ்டமைஸ் போதும். 2019 மார்ச்சில் கியூப்கட்டில் (kubectl) 1.14 வெளிவந்து, கஸ்டமைஸ் அதற்குள்ளேயே சேர்ந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பொதுவான யாமல் ஓரிடத்தில் இருக்கும், ஸ்டேஜிங்குக்கும் புரொடக்‌ஷனுக்கும் மாறும் வரிகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். ஹெல்மின் கோ டெம்ப்ளேட்டுக்கோ யாமலின் அமைப்பு தெரியாது, வெறும் எழுத்தாகவே ஒட்டிவைக்கும். உள்தள்ளல் சற்றுப் பிசகினாலும் பிழைச்செய்தி வரலாம். அது சொல்லும் வரி எண் பெரும்பாலும் உங்கள் கோப்பில் உள்ளதாக இராது, டெம்ப்ளேட்டிலிருந்து உருவான யாமலில் உள்ளதாக இருக்கும். சொந்தச் சேவைக்கு இந்தத் தொல்லை வீண்.

புரோமிதியஸ், செர்ட் மேனேஜர் போன்று பிறர் எழுதியவற்றுக்கு ஹெல்ம்தான். அவ்வளவு யாமலைக் கையால் பராமரிப்பது நடக்காது. 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3, கிளஸ்டருக்குள் அளவற்ற அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்த டில்லரை நீக்கியது பெரிய நிம்மதி. ஆனாலும் சில சிக்கல்கள் தொடர்கின்றன. ஹெல்மின் தொகுப்பான சார்ட்டின் சிஆர்டி கோப்புறையில் உள்ளவற்றை ஹெல்ம் முதல்முறை மட்டுமே நிறுவும், அப்கிரேடில் தொடாது. அவற்றை முன்கூட்டியே நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். பைப்லைன் பாதியில் அறுந்தால் ரிலீஸ் ‘பெண்டிங்’ நிலையில் சிக்கி, அடுத்த டிப்ளாய்களை மறுக்கும். அப்போது ஹிஸ்டரியைப் பார்த்து, கடைசியாகச் சரியாக ஓடிய பதிப்புக்கு ரோல்பேக் செய்யுங்கள்.

பெரிய ஆபத்து கிளஸ்டரின் பதிப்பை உயர்த்தும்போது வருகிறது. 2021-இல் குபர்நெட்டீஸ் 1.22 பழைய இன்கிரஸ் ஏபிஐகளை நீக்கியது. புதிய சார்ட்டில் எல்லாம் திருத்தப்பட்டிருந்தாலும், ஹெல்ம் சேமித்துவைத்த முந்தைய ரிலீஸில் பழைய ஏபிஐ இருந்தால் அடுத்த ஹெல்ம் அப்கிரேட் தோற்கும். கிளஸ்டரைத் தொடும் முன்பே ஹெல்மின் மேப்கியூப்ஏபிஐஸ் (mapkubeapis) செருகுநிரலால் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.

ஹெல்ம், கஸ்டமைஸ் இரண்டையும், கிட்டில் உள்ளதைக் கிளஸ்டரில் தானே நிறுவும் ஆர்கோ சிடியின் கீழ் வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஆர்கோ, சார்ட்டை விரித்து யாமலாக்கித் தானே கிளஸ்டருக்கு அனுப்புகிறது. ஹெல்ம் லிஸ்ட்டில் எதுவும் தெரியாது, கிளஸ்டரில் ஏற்கெனவே இருப்பதைச் சார்ட்டாலும் பார்க்க முடியாது. அதனால் கடவுச்சொல்லைத் தானே உருவாக்கும் சார்ட்டுகள் ஒவ்வொரு முறை விரியும்போதும் புதியதை உருவாக்கும், டேட்டாபேஸிலோ பழையதே இருக்கும். அத்தகைய சார்ட்டுகளுக்குச் சீக்ரெட்டை முதலிலேயே நீங்கள் உருவாக்கி, அதன் பெயரை மட்டும் வேல்யூஸ் கோப்பில் கொடுங்கள்.